வீட்டுக் குழாயில் தண்ணீர் வேகம் குறைவது ஏன்?

மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் எழுதியது



"இந்த வருஷ மலருக்குக் கவிதை மட்டும் ஒரு கட்டு வந்திருக்கு. நீயாவது ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் குடுடா" என்று பேரவை நண்பர்கள் கேட்டார்கள். டெக்னிக்கலாக எழுத என்னிடம் இருப்பது ஒரே ஒரு சமாச்சாரம்தான். அது எங்கள் வீட்டுப் பாத்ரூம் குழாய். அந்தக் குழாயை நம்பி நான் சொன்ன யோசனையால் அப்பாவுக்கு 14,000 ரூபாய் செலவு. சீட்டு எடுத்த பணம். எப்படி அந்தப் பணம் போனது, எங்கே நான் கோட்டை விட்டேன் என்று சொன்னால் உங்களில் யாராவது ஒருவர் வீட்டுப் பணமாவது மிச்சமாகும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு 1998-ல் கட்டியது. கீழே பெரியப்பா குடும்பம், மாடியில் நாங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே போர், மொட்டை மாடியில் ஒரே ஒரு ஆயிரம் லிட்டர் டேங்க். ஊர்த் தண்ணீர் சரியான உப்புத் தண்ணீர். பக்கெட்டை ஒரு வாரம் தேய்க்காமல் விட்டால் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிடும். கட்டின புதிதில் குழாயைத் திறந்தால் கொட்டும் என்று அம்மா சொல்வார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளாய் அது மெலிந்துகொண்டே வந்தது. நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது 15 லிட்டர் வாளி நிறைய நாலு நிமிஷம். காலையில் ஏழு மணிக்குள் மூன்று பேர் குளித்துக் கிளம்பவேண்டிய வீடு. அம்மா நாலரை மணிக்கே எழுந்து வாளி வாளியாகப் பிடித்து வைப்பார்கள். அதிலும் கீழே பெரியம்மா குழாயைத் திறந்துவிட்டால் மாடியில் சுத்தமாக நின்றுபோகும். "அக்கா, கொஞ்சம் மூடுங்களேன்" என்று அம்மா ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பது எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

யோசனை சொல்ல ஆளா இல்லை? பக்கத்து வீட்டுக்காரர், "அரை ஹெச்.பி. மோட்டார் பத்தாது, ஒரு ஹெச்.பி. போடுங்க, பிரஷர் பிச்சுக்கிட்டு வரும்" என்றார். மாமா, "டேங்க் சின்னது. ரெண்டாயிரம் லிட்டர் வாங்கு, தண்ணி வெயிட்டுல தானா அழுத்தும்" என்றார். இரண்டும் தப்பு என்று எனக்கு உடனே தெரிந்தது. மோட்டார் போர்த் தண்ணீரை டேங்கில் ஏற்றுவதோடு சரி, அதன் வேலை அங்கே முடிந்தது. குழாயைத் திறக்கும்போது மோட்டார் ஓடிக்கொண்டுகூட இருக்காது. டேங்கின் கொள்ளளவும் அப்படித்தான். நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்ததே தவிர, அகலத்தையோ மொத்த எடையையோ பொறுத்தது அல்ல. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும், அது கிணறாக இருந்தாலும் சரி, கட்டைவிரல் தடிமன் பைப்பாக இருந்தாலும் சரி. இதையெல்லாம் இரண்டு பேரிடமும் விளக்கினேன். பரீட்சையில் எழுதியதை விட நன்றாகவே விளக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குஷிதான் என்னைக் கெடுத்தது.

அப்புறம் எங்கள் தெரு பிளம்பர் அண்ணன் வந்தார். டேங்கைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "தம்பி, எதுக்கும் அந்த வால்வை ஒருக்கா கழட்டிப் பாத்துடலாமே" என்றார். நான் விட்டேனா? "அண்ணே, வால்வு முழுசாத்தான் திறந்திருக்கு. பிரஷர்ங்கறது ஹெட்டைப் பொறுத்தது. டேங்க் உயரம் பத்தலை. ஒரு மீட்டர் ஏத்தினா சரியாயிடும்" என்று காலண்டர் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அப்பா, "படிக்கிற பையன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்" என்றார். கொத்தனார், சித்தாள், செங்கல், சிமெண்ட், டேங்கை இறக்கி ஏற்றக் கூலி, பைப் நீட்டிய செலவு எல்லாம் சேர்த்து 14,000. மேடையை ஸ்லாப் நடுவில் கட்டாமல் சுவர்களுக்கு நேர் மேலே கட்டச் சொன்னேன். நிறைந்த டேங்க் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அந்த ஒன்றில்தான் நான் படித்தது பிரயோஜனப்பட்டது.

மேடை ஏறிய மறுநாள் காலை வாளி வைத்துப் பார்த்தோம். மூன்றரை நிமிஷம்.

"முன்னைக்குப் பரவால்லடா" என்றார்கள் அம்மா. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இனி என் தப்பு எங்கே என்று பார்ப்போம். நாம் எல்லோரும் ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் எழுதுவதுதான். குழாய் மூடியிருக்கும்போது இருக்கும் அழுத்தம் வேறு, தண்ணீர் ஓடும்போது மிஞ்சும் அழுத்தம் வேறு. மூடியிருக்கும்போது டேங்கின் நீர்மட்டம் குழாய்க்கு மேலே எத்தனை மீட்டரோ அவ்வளவு அழுத்தம் முழுசாக வரும். நடுவில் பைப் துருப்பிடித்து ஊசி முனை ஓட்டை ஆகியிருந்தாலும் அது வந்தே தீரும், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். ஓட ஆரம்பித்த பிறகுதான் வழி நெடுக உராய்வில் அழுத்தம் செலவாகிறது. நாம் வீட்டில் "பிரஷர் இல்லை" என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தச் செலவைப் பற்றித்தான். வரவைப் பற்றி அல்ல. நானோ வரவைக் கூட்டப் பார்த்தேன்!

கணக்கும் அதையே சொல்கிறது. தடை மாறாமல் இருந்தால் ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடிதான் கூடும். எங்கள் பாத்ரூம் குழாய்க்கு மேலே, டேங்க் பாதி இருக்கும்போது நீர்மட்டம் 3.5 மீட்டர். ஒரு மீட்டர் ஏற்றியதும் 4.5. வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், 1.13 வரும். அதாவது 13 சதவீதம் லாபம். நாலு நிமிஷ வாளி மூன்றரை நிமிஷம் ஆனது அப்படியே கணக்குப்படிதான். மேடை கட்டும் முன் இந்த ஒரு வரிக் கணக்கை அதே காலண்டர் தாளில் போட்டிருந்தால்!

ஆனால் பைப்பின் உள்விட்டம் அப்படி இல்லை. அதே உயரத்தில், அதே நீளத்தில், ஓட்டம் விட்டத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்ப மாறும். 15 மில்லிமீட்டர் பைப் உள்ளே உப்பும் துருவும் படிந்து 10 மில்லிமீட்டர் ஆகிவிட்டால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் தேறும். அரை இஞ்ச் பைப்பை முக்கால் இஞ்ச் ஆக்கினால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு. நாம் மனப்பாடம் செய்கிற டார்சி-வெய்ஸ்பாக் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது. ஜெர்மானியரான வெய்ஸ்பாக் 1845-ல் அதற்கு உருவம் கொடுத்தார். டார்சி பிரெஞ்சுக்காரர். அவர் வெறும் சூத்திரக்காரர் அல்ல, சொந்த ஊரான திஜோனுக்கு 12 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஊற்றுத் தண்ணீரை மோட்டாரே இல்லாமல் சரிவிலேயே கொண்டுவந்து 1840-ல் ஓடவிட்ட இன்ஜினியர். பழைய பைப், புதுப் பைப், துருப்பிடித்த பைப் என்று அளந்து அளந்துதான் 1857-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். அளக்காமல் சொன்னது நான்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? விடை எங்கள் வீட்டிலேயே இருந்தது. மேடை கட்டும்போது பெரியம்மா கீழிருந்து, "எங்களுக்கும் அப்படித்தான்டா வருது, வாளி ரொம்ப மூணு நிமிஷம் ஆகுது" என்றார்கள். காதில் வாங்கவில்லை. கீழ் வீட்டுக் குழாய் எங்களுடையதை விட மூன்று மீட்டர் தாழ்வு. அதாவது மூன்று மீட்டர் அதிக ஹெட் அவர்களுக்குச் சும்மாவே கிடைத்துக்கொண்டிருந்தது. அப்படி இருந்தும் லாபம் ஒரு நிமிஷம்தான் என்றால், நான் ஒரு மீட்டர் ஏற்றி என்ன கிழிக்கப் போகிறேன்? தவிர, இரண்டு வீட்டிலும் எல்லாக் குழாயும் ஒன்றுபோலச் சோர்ந்திருக்கிறது என்றால் கோளாறு குழாயில் இல்லை. பைப் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால், மேலே எங்கேயோ இருக்கிறது.

அதை நிச்சயம் பண்ணிக்கொள்ள ஒரு சோதனை செய்தேன். நம் லேபில் பைப்பின் மேல் வரிசையாகக் கண்ணாடிக் குழாய் செருகி நீர்மட்டம் பார்ப்போமே, பீசோமீட்டர், அதேதான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற டியூப் இருக்கிறதல்லவா, அதில் ஒன்று கடன் வாங்கினேன். ஒரு முனையைப் பாத்ரூம் குழாயில் செருகிக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். மறுமுனையை வென்டிலேட்டர் வழியாக மொட்டை மாடிக்கு ஏற்றித் தம்பியிடம் கொடுத்தேன். இரண்டு வீட்டிலும் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, டியூப் கட்டிய குழாயை மட்டும் திறந்தேன். தண்ணீர் மெல்ல ஏறி டேங்க் நீர்மட்டத்துக்குச் சரியாக நின்றது. வரவில் குறை இல்லை. அப்புறம் அம்மாவைச் சமையலறைக் குழாயைத் திறக்கச் சொன்னேன். டியூபில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. தம்பி மேலிருந்து, "காணோம்ணே, கீழ போயிடுச்சு" என்றான். நான் பாத்ரூமிலேயே அளந்தேன். குழாய்க்கு மேல் ஒரு மீட்டர்கூட இல்லை. நாலரை மீட்டரில் மூன்றரை மீட்டருக்கு மேல் வழியிலேயே காலி.

வழியில் எங்கே? டேங்குக்கு அடுத்தாற்போல், கேட் வால்வைத் தாண்டியதும் மொட்டை மாடியில் துணி துவைக்க ஒரு குழாய் உண்டு. அதில் தண்ணீர் நூல் மாதிரி வருவதால் யாரும் அதைத் தொடுவதில்லை. கீழே குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறக்கச் சொன்னேன். ஒரு சொட்டு வரவில்லை. உஸ்ஸென்று சத்தம் மட்டும் வந்தது. தம்பி உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, கையை இழுக்குதுண்ணே!" என்று கத்தினான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பரீட்சையில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவோமே, ஹைட்ராலிக் கிரேடியன்ட் லைன், அந்தக் கோடு அந்த இடத்தில் பைப்புக்கும் கீழே போய்விட்டது. டேங்க் இரண்டடி தள்ளி இருக்கிறது, அதில் பாதி தண்ணீரும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பக்கத்துப் பைப்பில் காற்றழுத்தத்தை விடக் குறைந்த அழுத்தம். நடுவில் இருப்பது ஒரு வால்வும் ஒரு துண்டு ஜி.ஐ. நிப்பிளும்தான். பெரியம்மா திறந்தால் எங்களுக்கு நிற்பதும் இதனால்தான். கோடு எங்கள் குழாய்க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

பிளம்பர் அண்ணனைக் கூப்பிடப் போனபோது என் முகம் எப்படி இருந்தது என்று எழுதவேண்டியதில்லை. அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. இருந்த தண்ணீரை டிரம்களில் பிடித்து வைத்து, டேங்கைக் காலி செய்து, பைப் ரெஞ்ச் போட்டு வால்வைக் கழற்றினார். கேட் வால்வின் உள்ளே பித்தளைக் கதவு ஒன்று ஸ்பிண்டில் நுனியில் மாட்டியிருக்கும். எங்கள் வால்வில் அந்த மாட்டல் தேய்ந்து, கதவு கழன்று, பாதி வழியில் சிக்கிக்கொண்டிருந்தது. மேலே பிடியைத் திருகினால் ஸ்பிண்டில் மட்டும் ஜோராகச் சுற்றும், கதவு அசையாது. நான் "முழுசாத் திறந்திருக்கு" என்று சொன்னது இந்தப் பிடியைத் திருகிப் பார்த்துத்தான்! அதற்குப் பின்னால் இருந்த ஒரு இஞ்ச் நிப்பிளுக்குள் என் சுண்டுவிரல் நுழையவில்லை. உள்ளே துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து கிடந்தது. மேடை கட்டும்போதும் கொத்தனார் வால்வையும் நிப்பிளையும் அப்படியே வைத்து மேலே பைப்பை மட்டும் நீட்டியிருந்தார்.

பால் வால்வு ஒன்று, பிளாஸ்டிக் பைப் துண்டு, யூனியன், அவர் கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். வாளி ஒரு நிமிஷம் ஐந்து விநாடியில் நிறைந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து திருப்பிக் கணக்குப் போட்டேன். மேடை இல்லாமல், வால்வை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு நிமிஷம் பதினாலு விநாடி ஆகியிருக்கும். ஆக, அப்பாவின் 14,000 ரூபாய்க்கு நாங்கள் வாங்கியது ஒன்பது விநாடி.

உங்கள் வீட்டில் இதே கோளாறுதான் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் தேடுகிற வழி ஒன்றுதான். முதலில் வாளியும் கடிகாரமும். ஒவ்வொரு குழாயிலும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் நீர்மட்டம் எல்லாத் தடவையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைகிறதா? அப்போது டேங்க் பக்கமே போகவேண்டாம். குழாய் முனையில் நுரை வருவதற்காக ஒரு சல்லடை வைத்திருப்பார்கள், அதைக் கழற்றினால் மணலும் உப்புக் கட்டியும் கொட்டும். உப்புக்கு எலுமிச்சம் பழமோ வினிகரோ போதும், ராத்திரி ஊறப்போட்டால் காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம். ஷவர் தட்டுக்கும் இதே வைத்தியம். வாஷ்பேசினாக இருந்தால் அடியில் உள்ள ஆங்கிள் காக்கைப் பாருங்கள். ஒழுகுகிறது என்று யாரோ பாதி மூடியிருப்பார்கள், திறக்க மறந்திருப்பார்கள்.

தண்ணீர் புஸ் புஸ்ஸென்று விட்டு விட்டு வந்தால் காற்று அடைப்பு. டேங்க் ஒரு தடவை சுத்தமாகக் காலியான பிறகு இது வரும். பைப் எங்கேயாவது மேடேறி இறங்கினால் அந்த முதுகில் காற்று உட்கார்ந்துகொள்ளும். டேங்க் நிரம்பியதும் வீட்டிலேயே தாழ்வான குழாயை முழுசாகக் கொஞ்ச நேரம் திறந்து விட்டால் பெரும்பாலும் போய்விடும். புது வீடு கட்டுபவர்கள் வால்வுக்கு அடுத்து ஒரு சின்னக் காற்றுப் பைப்பை டேங்க் மட்டத்துக்கு மேலே நீட்டி வைத்தால் இந்தத் தொல்லையே வேண்டாம். நூறு இருநூறு ரூபாய் செலவு, நிறைய வீடுகளில் அதை வைப்பதே இல்லை.

பிரஷர் கேஜ் வாங்கி அளக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் சும்மா கேட்டால் 0 முதல் 10 கிலோ வரை காட்டுவதைத்தான் கொடுப்பார்கள். நம் மாடி வீட்டுக் குழாயில் அரைக் கிலோ அழுத்தம் இருந்தாலே அதிகம், முள் அசைந்ததா இல்லையா என்று கண்ணாடி போட்டுத்தான் பார்க்கவேண்டும். 0 முதல் 1 வரை, போனால் 2 வரை காட்டுவதாகக் கேளுங்கள். டியூபுக்கு இந்தத் தகராறே இல்லை.

இப்போது வீட்டுக்கு வீடு வந்திருக்கும் பிரஷர் பம்பைப் பற்றியும் கேட்பீர்கள். பைப் சுத்தமாக இருந்து, உயரம் உண்மையிலேயே குறைவாக இருந்தால் அது நல்ல பொருள்தான். டேங்குக்கு நேர் கீழே இருக்கிற மாடி ஷவருக்கு அது தேவைப்படலாம். ஆனால் அடைப்பு பம்புக்கு முன்னால் இருந்தால் பம்புக்கே தண்ணீர் கிடைக்காது, வெறுமனே உறுமிச் சூடேறும். எங்கள் பழைய வால்வை வைத்துக்கொண்டு பம்ப் வாங்கியிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

தெருக் குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீர் கதை வேறு. 1999-ல் மத்திய அரசு வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேட்டில், ஒரு தள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 மீட்டர் அழுத்தம் இணைப்பு முனையில் மிஞ்சவேண்டும் என்று போட்டிருக்கிறது. நம் தெருக்களில் பல இடங்களில் சம்ப்புக்குள் விழுவதே பெரிது. அதற்காகச் சிலர் தெரு லைனிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். தம்பி கையை இழுத்ததே, அந்த இழுப்பு தெருப் பைப்பில் வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பைப் சாக்கடை ஓரமாகப் போகிறது, ஜாயின்டில் ஒரு கசிவு இருக்கிறது. வெளியே கசிந்துகொண்டிருந்த ஓட்டை உள்ளே உறிஞ்ச ஆரம்பிக்கும். அதே தண்ணீரைத்தான் அடுத்த வீட்டுக் குழந்தை குடிக்கும்.

அம்மா இப்போது ஐந்தரை மணிக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். அப்பா அந்த மேடையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பிளம்பர் அண்ணன் மட்டும் போன மாதம் வந்து, "தம்பி, அந்த டியூபைக் கொஞ்சம் குடு, ஒரு வீட்ல பாக்கணும்" என்று வாங்கிக்கொண்டு போனார்.

நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் ஹாஸ்டல் இரண்டாம் மாடி பாத்ரூமில் காலையில் வாளிக்கு எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். கீழ்த் தளத்து வாளியையும் அதே நேரத்தில் அளந்து பார்த்தவர்கள் யாராவது உண்டா? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, குளியல் கூட்டம் ஓய்ந்ததும், வார்டன் அனுமதியோடு அளக்கப் போகிறேன். டியூப் என்னிடம் இருக்கிறது. மேலே பிடித்துக்கொள்ள ஒருவர், கீழே குழாயைத் திறந்து மூட ஒருவர், நேரம் குறிக்க ஒருவர் வேண்டும். மெக்கானிக்கல் நண்பர்களும் வரலாம்.